பழைய காரின் பானட்டுக்கு கேஸ் ஸ்ட்ரட் பொருத்துவது: அளவெடுப்பதிலிருந்து கடைசி போல்ட் வரை

பழைய கார்களில் பானட்டைத் தூக்கி ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் தாங்கு கம்பியைக் கிளிப்பிலிருந்து எடுத்து, அதன் முனையைப் பானட்டின் ஓட்டைக்குள் மாட்ட வேண்டும். எஞ்சின் சூடாக இருந்தால் கம்பியும் சுடும். பேட்டரியைக் கழற்றும்போதும் ஏர் ஃபில்டரைத் திறக்கும்போதும் அதே கம்பி குறுக்கே நிற்கும். பலத்த காற்றில் பானட் கொஞ்சம் மேலே எழும்பினால் கம்பி நழுவி, பானட் தலைமேல் விழவும் கூடும். பானட்டைத் தானே தள்ளித் தாங்கும் வாயுத் தண்டான கேஸ் ஸ்ட்ரட் இரண்டைப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை எல்லாம் தீர்ந்துவிடும்.

அளவு டேப்பும் டிரில் மெஷினும் பழகிய எவரும் இதைச் செய்யலாம். ஆனால் பெரும்பாலானவர்கள் ஸ்ட்ரட்டை முதலில் வாங்கிவிட்டு, பிறகு அது எங்கே பொருந்தும் என்று தேடுகிறார்கள். வரிசை அப்படியே தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் பானட்டின் பாரம், அப்புறம் பொருத்தும் இடம், அதற்குப் பிறகு நீளம், கடைசியில்தான் எத்தனை நியூட்டன், அதாவது ஸ்ட்ரட் எவ்வளவு விசையோடு தள்ள வேண்டும் என்ற கேள்வி. இந்த வேலையில் முக்கால் பங்கு பென்சிலிலும் தாளிலும் முடிந்துவிடும். அதை ஒழுங்காகச் செய்தவருக்கு மீதி வேலை சுலபம்.

ஸ்ட்ரட்டுக்குள் என்ன இருக்கிறது

அடைத்து மூடிய எஃகுக் குழாய், அதற்குள் அதிக அழுத்தத்தில் நைட்ரஜன் வாயு, அடியில் கொஞ்சம் எண்ணெய், உள்ளே போய் வரும் ஒரு தண்டு. தண்டின் முனையில் இருக்கும் பிஸ்டனில் நுண்துளை இருப்பதால் வாயு இரண்டு பக்கமும் ஒரே அழுத்தத்தில்தான் இருக்கும். தண்டின் குறுக்குப் பரப்பின் மீது அந்த அழுத்தம் தள்ளுவதுதான் நமக்குக் கிடைக்கும் விசை.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் கிளைக்கின்றன. ஒன்று, தண்டு உள்ளே போகப் போக வாயுவுக்கு இடம் குறைந்து விசை கூடும். கார்களில் வரும் ஸ்ட்ரட்டுகளில் முழுதும் நீண்ட நிலையில் இருப்பதைவிட முழுதும் அமுங்கிய நிலையில் விசை சுமார் 1.2 முதல் 1.4 மடங்கு வரை இருக்கும். இரண்டு, வாயு என்பதால் வெப்பத்தோடு விசையும் மாறும். 20 டிகிரி செல்சியஸை அடிப்படையாகக் கொண்டால், ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ 3.5 சதவீதம் கூடும் அல்லது குறையும். மூன்று, தண்டு நுழையும் வாயில் வாயு கசியாமல் அடைக்கும் சீல் என்ற வளையத்தை ஈரமாக வைத்திருப்பது அந்தக் கொஞ்சம் எண்ணெய்தான். ஆகவே தண்டுப் பக்கம் கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்த வேண்டும். தலைகீழாகப் பொருத்தினாலும் வேலை செய்யும். ஆனால் சீல் காய்ந்து வாயு சீக்கிரம் கசியும், பானட் மேலே போய் நிற்கும்போது மெல்ல நிற்காமல் 'டக்'கென்று அடிக்கும்.

முதலில் காரைப் பாருங்கள்

பழைய காரின் கீல்களில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. பானட்டை முழுதும் திறந்து, ஒருவர் தாங்கிப் பிடிக்க, பின்மூலையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கீல் பின்னில் தளர்ச்சி தெரிந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். ஸ்ட்ரட் பானட்டை மேலே மட்டும் தள்ளுவதில்லை. மூடிய நிலையில் அது ஏறக்குறையப் படுத்திருக்கும், அப்போது அதன் விசையில் பெரும்பகுதி பானட்டை முன்பக்கமாகவோ பின்பக்கமாகவோ தள்ளும். தேய்ந்த கீல் என்றால், ஸ்ட்ரட் போட்ட மறுநாளே பானட்டுக்கும் ஃபெண்டருக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்று நகர்ந்திருக்கும்.

அடுத்தது பானட் லாக்கும், அதற்கு மேலே இருக்கும் இரண்டாவது கொக்கியும். உள்ளேயிருந்து கேபிளை இழுத்த பிறகும் பானட்டை முழுதாக எழ விடாமல் பிடிப்பது அந்தக் கொக்கிதான். அதன் ஸ்பிரிங் துருப்பிடித்து வலுவிழந்திருந்தால், கொக்கியை மாற்றாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். ஓடும் காரில் பானட் எழுவது விபத்து.

பிறகு துரு. பானட்டின் உள்சட்டம் எங்கெல்லாம் மெலிந்திருக்கிறது என்று விரலால் தட்டிப் பாருங்கள். ஸ்ட்ரட்டின் பந்துமுனை, அதாவது ஸ்ட்ரட் முனையின் சாக்கெட் மாட்டும் பந்துத் தலை போல்ட், உட்காரப்போகும் இடம் கெட்டியான தகடாக இருக்க வேண்டும்.

சில பழைய கார்களில் கீலிலேயே பெரிய சுருள் ஸ்பிரிங் இருக்கும், பானட் தானாகவே நிற்கும். அப்படிப்பட்ட காருக்கு ஸ்ட்ரட் தேவையில்லை. பானட் தானாக இறங்குகிறது என்றால் ஸ்பிரிங்கையோ கீலையோ மாற்றுவதுதான் சரியான வழி. ஸ்பிரிங்கையும் ஸ்ட்ரட்டையும் சேர்த்துப் போட்டால் பானட் வளையும்.

பாரத்தை அளப்பது

பானட்டைக் கழற்றித் தராசில் வைக்கத் தேவையில்லை. நமக்கு வேண்டியது மொத்த எடை அல்ல, கீலைச் சுற்றி அந்த எடை தரும் திருப்புத்திறன், அதாவது விசையைத் தூரத்தால் பெருக்கினால் வருவது. அதற்கு ஒரு தொங்கு தராசு போதும், பெட்டி தூக்கிப் பார்க்கும் எலக்ட்ரானிக் தராசே நன்றாக வேலை செய்யும்.

பானட் லாக்கை விடுவித்து, பானட்டின் முன்விளிம்பு நடுவில் ஒரு துணி நாடாவை மாட்டி, தராசால் மேல்நோக்கி நேராகத் தூக்குங்கள். பானட் லாக்கைவிட்டு ஓரிரு சென்டிமீட்டர் எழுந்து அசையாமல் நிற்கும்போது என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கீலில் உராய்வு இருந்தால் மேலே போகும்போது ஒரு எண்ணும் இறங்கும்போது வேறு எண்ணும் காட்டும். இரண்டுக்கும் சராசரி எடுங்கள். வெப்பத் தடுப்புப் பாய், வாஷர் குழாய், முன்னால் ஒட்டிய அலங்காரப் பட்டை என எல்லாம் காரில் இருக்கும்போதே அளக்க வேண்டும். கீல் பின்னிலிருந்து தராசு மாட்டிய இடம் வரை உள்ள தூரத்தையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். தராசு 7.7 கிலோ காட்டுகிறது, தூரம் 1 மீட்டர். அப்படியானால் மூடிய நிலையில் திருப்புத்திறன் 7.7 × 9.81 × 1, அதாவது சுமார் 75.5 நியூட்டன் மீட்டர்.

பானட் திறக்கத் திறக்க இது குறையும், ஏனென்றால் எடையின் மையம் கீலை நோக்கி வருகிறது. எவ்வளவு குறையும் என்பதைக் கோணத்தின் கொசைன் சொல்லும். 40 டிகிரிக்கு 0.77, 45-க்கு 0.71, 50-க்கு 0.64, 60-க்கு 0.50. நம் பானட் 50 டிகிரி திறக்க வேண்டும் என்றால், 75.5 × 0.64 = சுமார் 48.5 நியூட்டன் மீட்டர். பானட்டை மேலே நிறுத்திவைக்க ஸ்ட்ரட்டுகள் ஈடுகொடுக்க வேண்டிய அளவு இதுதான்.

எத்தனை டிகிரி திறக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பழைய தாங்கு கம்பியில் நிற்கும் கோணத்தையே வைத்துக்கொள்வது நல்லது. கைப்பேசியிலுள்ள சாய்வுமானி செயலியைப் பானட் மேல் வைத்தாலே கோணம் தெரிந்துவிடும். கீல் அனுமதிக்கும் கடைசிக் கோணம் வரை போக வேண்டாம். பானட்டின் பின்விளிம்பு முன் கண்ணாடிக்கு அடியிலுள்ள தகட்டில் இடித்துவிடும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பது

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அவசரப்படாமல் செய்யுங்கள்.

ஸ்ட்ரட்டின் கீழ்முனை காரின் உடலில், ஃபெண்டரின் உள்விளிம்பில் நிற்கும். மேல்முனை பானட்டின் பக்கச் சட்டத்தில் நிற்கும். பெரிய தாள் ஒன்றில் காரைப் பக்கவாட்டில் பார்ப்பது போல முழு அளவில் வரையுங்கள். செய்தித்தாள்களை ஒட்டிக்கொண்டாலும் சரி. கீல் பின்தான் மையப்புள்ளி. அங்கிருந்து முன்பக்கமாகவும் கீழ்ப்பக்கமாகவும் ஒவ்வொரு இடத்தையும் அளந்து குறியுங்கள். பானட்டின் மேல்முனைப் புள்ளியை மூடிய நிலையில் ஒரு முறை குறித்து, காம்பஸ் போல ஒரு நூலைக் கட்டி 50 டிகிரி சுழற்றித் திறந்த நிலையிலும் குறித்துவிடுங்கள்.

நம் எடுத்துக்காட்டில் கீழ்முனை கீல் பின்னுக்கு 100 மி.மீ. முன்னால், 80 மி.மீ. கீழே. மேல்முனை, பானட் மூடியிருக்கும்போது, 350 மி.மீ. முன்னால், 30 மி.மீ. கீழே. தாளில் இவற்றை வரைந்து அளந்தால் மூடிய நிலையில் இரண்டு முனைக்கும் நடுவில் 255 மி.மீ., திறந்த நிலையில் 361 மி.மீ. வரும்.

இப்போது இன்னொரு அளவு எடுக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். இரண்டு முனைகளையும் இணைக்கும் நேர்கோட்டுக்குக் கீல் பின்னிலிருந்து செங்குத்தாக எவ்வளவு தூரம்? மூலைமட்டம் வைத்து அளந்தால் திறந்த நிலையில் 124 மி.மீ., மூடிய நிலையில் 98 மி.மீ. ஸ்ட்ரட்டின் விசை எவ்வளவு பயன்படுகிறது என்பதை முடிவு செய்வது இந்தத் தூரம்தான். அது 60 மி.மீ. ஆக இருந்தால் அதே பானட்டைத் தூக்க இருமடங்கு விசை வேண்டும், அந்த விசையெல்லாம் கீலையும் தகட்டையும்தான் வதைக்கும். கீலுக்கு மிக நெருக்கமாகப் பொருத்தி, பலமான ஸ்ட்ரட்டால் ஈடுகட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

நல்ல அமைப்பின் அடையாளம், மூடிய நிலையில் செங்குத்துத் தூரம் குறைவாகவும் திறந்த நிலையில் அதிகமாகவும் இருப்பது. அப்போதுதான் மூடியிருக்கும் பானட்டை ஸ்ட்ரட் வீணாக மேலே தள்ளாது.

தாளில் சரியாக வந்ததும் காரில் ஒத்திகை பாருங்கள். இரண்டு மெல்லிய அலுமினியப் பட்டைகளில் ஒன்றில் நீளவாக்கில் வெட்டுவாய் போட்டு, மற்றொன்றை அதில் ஒரு சிறிய போல்ட்டால் வழுக்கி ஓடும்படி இணைத்தால் போலி ஸ்ட்ரட் தயார். அதைக் குறித்த இடங்களில் கிளாம்ப் வைத்துத் தற்காலிகமாகப் பிடித்து, பானட்டை மெல்ல ஏற்றி இறக்குங்கள். ஒயர் கட்டு, பிரேக் ஆயில் குப்பி, ஃபெண்டர் போல்ட் தலைகள், பானட்டின் ரப்பர் பீடிங் எதிலாவது உரசுகிறதா? உண்மையான ஸ்ட்ரட்டின் குழாய் 15 முதல் 18 மி.மீ. தடிமன் இருக்கும், அதற்கும் இடம் விட வேண்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் போகக் கூடாது. பொதுவாக இந்த ஸ்ட்ரட்டுகள் 80 டிகிரி வரைதான் தாங்கும்.

மேலிருந்து பார்க்கும்போது ஸ்ட்ரட் காரின் நீளவாக்குக்கு இணையாக இருக்க வேண்டும். கீழ்முனையும் மேல்முனையும் ஒரே தளத்தில் இல்லாமல் ஒன்று உள்ளேயும் ஒன்று வெளியேயும் தள்ளியிருந்தால், தண்டு பக்கவாட்டில் இழுபட்டு சீல் ஒரு பக்கமாகத் தேயும். பந்துமுனை கொஞ்சம் சாய்வைப் பொறுத்துக்கொள்ளும், அதை நம்பி வடிவமைக்க வேண்டாம்.

ஒன்றா, இரண்டா? சிறிய கார்களில் ஒரே ஸ்ட்ரட்டோடு தொழிற்சாலையிலிருந்து வருவதும் உண்டு, அந்தப் பானட்டுகளை அதற்கென்றே கெட்டியாக வடிவமைத்திருப்பார்கள். பழைய பானட் அப்படி இருக்காது. தாங்கு கம்பியில் நிறுத்திவிட்டு முன்னால் போய்ப் பாருங்கள், கம்பி இல்லாத மூலை கொஞ்சம் தொங்கிக்கொண்டிருக்கும். அப்படித் தொங்கினால் இரண்டு ஸ்ட்ரட்தான்.

எத்தனை நியூட்டன்

இப்போது கணக்கு இரண்டே வரிதான். 48.5-ஐ 0.124-ஆல் வகுத்தால் 391 நியூட்டன். இரண்டு ஸ்ட்ரட் என்பதால் ஒன்றுக்கு சுமார் 196. இதற்கு மேல் 15 முதல் 20 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். குளிரில் குறையும் விசைக்கும் வருடக்கணக்கில் மெல்லக் கசியும் வாயுவுக்கும் இந்தக் கூடுதல் ஈடுகொடுக்கும். வருவது 225-க்கும் 235-க்கும் நடுவில். 230 நியூட்டன் எடுத்துக்கொள்வோம்.

இதோடு நிறுத்திவிடாமல் மூடிய நிலையையும் சோதியுங்கள். அமுங்கிய ஸ்ட்ரட்டின் விசை கூடும் என்று பார்த்தோம். 230 நியூட்டன் ஸ்ட்ரட் நம் அமைப்பில் மூடிய நிலையில் சுமார் 290 நியூட்டன் தள்ளும். 2 × 290 × 0.098 = சுமார் 57 நியூட்டன் மீட்டர். பானட்டின் எடை தருவது 75.5. எடைதான் ஜெயிக்கிறது. மூடிய பானட் தானாக மூடியே இருக்கும், லாக்குக்குக் கூடுதல் பாரம் இல்லை. லாக்கை விடுவித்தால் முன்விளிம்பில் 7.7 கிலோவுக்குப் பதில் 2 கிலோ அளவுதான் கைக்குத் தெரியும். சுமார் 30 டிகிரியில், அதாவது முன்விளிம்பு அரை மீட்டர் எழுந்ததும், இரண்டும் சமமாகும். அதற்கு மேல் பானட் தானாகவே போய் நிற்கும்.

அதே இடத்தில் 'பலமாக இருக்கட்டும்' என்று 350 நியூட்டன் ஸ்ட்ரட்டைப் போட்டால்? மூடிய நிலையில் சுமார் 86 நியூட்டன் மீட்டர். எடையை மீறிவிடுகிறது. கேபிளை இழுத்ததும் பானட் கொக்கியில் போய் மோதும், கார் ஓடும் நேரமெல்லாம் லாக் அந்தத் தள்ளலைத் தாங்கிக்கொண்டிருக்கும். மூடுவதற்கு முன்விளிம்பை அழுத்தும்போது, ஸ்ட்ரட் ஓரிடத்தில் மேலே தள்ள, கை வேறிடத்தில் கீழே தள்ள, பானட் நடுவில் வளையும். பல கார்களில் மோதலின்போது மடிவதற்கென்றே உள்சட்டத்தில் வேண்டுமென்று பலவீனமாக்கிய கோடு இருக்கும், வளைவு அங்கேதான் விழும். அந்த மடிப்பை எடுக்க டிங்கரிங், பெயின்ட் என்று போக வேண்டியிருக்கும்.

ஸ்ட்ரட் வாங்கும்போது

நீளம் பற்றி: நமக்கு முழுதும் நீண்ட நிலையில் 360 மி.மீ., பயண நீளம் (தண்டு உள்ளே போகும் தூரம்) 120 மி.மீ. என்பது பொருந்தும். அப்படியானால் முழுதும் அமுங்கினால் 240. நம் பானட் மூடும்போது 255, அதாவது 15 மி.மீ. மிச்சம். இந்த மிச்சம் 10 மி.மீ.-க்குக் குறையவே கூடாது. ஸ்ட்ரட் அடிமட்டம் வரை அமுங்கிய பிறகும் பானட் மூட வேண்டியிருந்தால், ஏதாவது ஒன்று வளைந்தே தீரும். நீளத்தை எப்போதும் பந்துமுனை மையத்திலிருந்து மையம் வரை கணக்கிடுங்கள், கடைக்காரரிடமும் அப்படியே கேளுங்கள்.

விசை ஸ்ட்ரட்டின் குழாய் மேலேயே அச்சாகியிருக்கும். முன்னால் பூஜ்யத்தோடு 0230 என்று எழுதிப் பக்கத்தில் நியூட்டனுக்கான எழுத்து இருக்கும். அந்த எண் 20 டிகிரி வெப்பத்தில், ஏறக்குறைய முழுதும் நீண்ட நிலையில் அளந்தது.

வேறு காரிலிருந்து கழற்றியதைப் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். நீளம், பயண நீளம், நியூட்டன் மூன்றும் பொருந்தினால் பயன்படுத்தலாம். ஆனால் டிக்கிக் கதவின் ஸ்ட்ரட் வேண்டாம். கண்ணாடியோடு கனக்கும் கதவைத் தூக்குவதற்காக அவை பல நூறு நியூட்டனில் வரும். பழசு என்றால் உள்ளே எவ்வளவு வாயு மிச்சம் என்பதும் தெரியாது. என் தேர்வு, வாயுவை வெளியேற்றும் சிறிய வால்வு உள்ள புது ஸ்ட்ரட். 250 நியூட்டனில் வாங்கி, பொருத்திப் பார்த்து, தேவைக்கு மேல் இருந்தால் வால்வைத் துளித்துளியாகத் திறந்து குறைக்கலாம். வெளியே போன வாயுவைத் திரும்ப ஏற்ற முடியாது. ஆகையால் நொடிக்கும் குறைவாகத் திறந்து மூடி, இரண்டு பக்கமும் மாறி மாறிச் செய்யுங்கள்.

பந்துமுனை பெரும்பாலும் 10 மி.மீ. பந்தும் எம்8 (8 மி.மீ.) மரையும் கொண்டது. ஸ்ட்ரட்டோடு சேர்த்தே வாங்கிவிட்டால் பொருந்துமா என்ற கவலை இல்லை.

பிராக்கெட்டும் துளையும்

காரில் புதுத் துளை போடாமல் முடிக்க முடிந்தால் அதுதான் உத்தமம். கீழ்முனைக்கு ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்களில் இரண்டைக் கழற்றி, அதே போல்ட்களின் கீழ் எல் வடிவப் பிராக்கெட்டைப் பொருத்தலாம். 3 மி.மீ. எஃகுத் தகடு போதும். ஒரே போல்ட்டில் நிற்கும் பிராக்கெட் நாளடைவில் சுழலும், அதனால் கட்டாயம் இரண்டு போல்ட். பிராக்கெட்டின் தடிமன் ஃபெண்டரை உயர்த்திவிடாமல், போல்ட் தலைக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் உட்கார வேண்டும். போல்ட் அதற்கேற்ப 3 மி.மீ. நீளமாக இருக்கட்டும்.

மேல்முனைக்கும் இதே வழி சில கார்களில் சாத்தியம். கீலைப் பானட்டோடு பிணைக்கும் போல்ட்களிலிருந்து முன்னோக்கி நீளும் தகடு செய்யலாம். கீல் போல்ட்டைத் தளர்த்தும் முன் கீலைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பானட்டைத் திரும்ப நேராக உட்காரவைக்க அரை நாள் போகும். கோடு போட்ட பிறகும் ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும், அதிலும் ஒவ்வொரு போல்ட்டாக.

தகடு எட்டாத இடம் என்றால் பானட்டின் உள்சட்டத்தில் துளைதான். அங்கே ரிவெட் நட் போட வேண்டும், அதாவது ஒரு பக்கத்திலிருந்தே துளைக்குள் செருகி இறுக்கும் மரையுள்ள நட். எம்8 ரிவெட் நட்டுக்குப் பொதுவாக 11 மி.மீ. துளை, ஆனால் வாங்கும் உறையில் எழுதியிருக்கும் அளவையே பின்பற்றுங்கள். தொடங்குமுன் உள்சட்டத்துக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவில் எவ்வளவு ஆழம் என்று தெரிந்தாக வேண்டும். அருகில் தொழிற்சாலை போட்ட திறப்பு ஏதாவது இருக்கும், அதன் வழியே வளைத்த கம்பியை விட்டு அளந்துவிடலாம். ரிவெட் நட்டின் நீளத்தைவிட ஆழம் தாராளமாக இருக்க வேண்டும்.

டிரில் பிட்டுக்கு ஆழத்தடை கட்டாயம். பிட்டில் டேப் சுற்றினால் போதாது. துளை விழுந்ததும் பிட் உள்ளே பாயும் வேகத்தில் டேப் சுருண்டு மேலே போய்விடும். ஒரு மரக்கட்டையில் துளையிட்டு, பிட்டின் முனை 6 மி.மீ. மட்டும் வெளியே தெரியும்படி அதைப் பிட்டில் செருகிக்கொள்ளுங்கள். கட்டை தகட்டில் முட்டி நிற்கும், பிட் வெளித்தகட்டைத் தொடாது. முதலில் 3 மி.மீ., பிறகு 6, கடைசியில் தேவையான அளவு. அளவு கூடக் கூடப் பிட்டின் கூம்பு முனையும் நீளும், ஆகவே கட்டையைத் திரும்பச் சரிபாருங்கள். பிசிறு நீக்கி, வெறும் உலோகம் தெரியும் விளிம்பில் துருத்தடுப்பு பிரைமரைத் தூரிகையால் தடவி, காய்ந்த பிறகு ரிவெட் நட்டைப் பொருத்துங்கள்.

பந்துமுனையின் மரை நீளத்தையும் அதே கம்பி அளவோடு ஒப்பிடுங்கள். மரை நீளமாக இருந்தால், முறுக்க முறுக்க அது வெளித்தகட்டை உள்ளிருந்து தள்ளும். பெயின்ட் மேல் சிறிய பரு போல ஒரு மேடு தெரிந்த பிறகுதான் உங்களுக்கே தெரியவரும். பந்துமுனை உட்காரும் இடத்துக்கு அடியில் 2 மி.மீ. எஃகுத் தகட்டை வலுவூட்டலாக வைத்து, இரண்டு ரிவெட் நட்டுகளில் பிடித்தால் விசை பரவலாகும். மெல்லிய பானட்டில் அதைத் தவிர்க்காதீர்கள்.

ஃபெண்டர் பக்கம் துளையிட நேர்ந்தால், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, தகட்டுக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்று கையை விட்டுத் தடவிப் பார்த்த பிறகே டிரில்லை எடுங்கள். எஞ்சின் மேல் ஈரத்துணி விரித்து உலோகத் துகள்களைப் பிடியுங்கள். மிச்சத்தைக் காந்தத்தால் பொறுக்குங்கள். பானட்டுக்குள் தங்கிய துகள் ஒரு மழைக்காலத்துக்குள் துருக்கறையாகக் கசியும்.

மாட்டுவதும் முதல் மூடலும்

பானட்டை முழுக் கோணத்தில் தாங்கு கம்பியில் நிறுத்துங்கள். கூடவே துணி சுற்றிய மரக்கட்டையை முட்டுக் கொடுங்கள். உதவிக்கு ஒருவர் இருப்பது நல்லது. பந்துமுனைகளை முறுக்கி, ஸ்ட்ரட்டின் தண்டுப் பக்கத்தைக் கீழே வைத்து, முதலில் கீழ்முனையை அழுத்துங்கள், 'கிளிக்' என்று உட்காரும். பிறகு மேல்முனை. முழுதும் நீண்ட ஸ்ட்ரட்டைக் கையால் எளிதாக மாட்டலாம், அமுக்கி மாட்ட வேண்டியிருந்தால் உங்கள் அளவில் ஏதோ பிசகு. கழற்ற வேண்டுமானால் சாக்கெட்டின் கம்பிக் கிளிப்பை மெல்லிய ஸ்குரூடிரைவரால் 2, 3 மி.மீ. மட்டும் நெம்புங்கள், முழுதாகப் பிடுங்க வேண்டாம்.

ஒரு பக்கம் மட்டும் மாட்டிவிட்டுப் பானட்டை மூடிப் பார்க்காதீர்கள். பானட் முறுக்கிக்கொள்ளும்.

இரண்டும் மாட்டியதும், தண்டில் குழாயின் வாயை ஒட்டி ஒரு மெல்லிய ரப்பர் வளையத்தை ஏற்றுங்கள். கம்பியையும் கட்டையையும் எடுத்துவிட்டு, பானட்டை இரண்டு கைகளாலும் கைப்பிடி கைப்பிடியாக இறக்குங்கள். எங்காவது கை தடைபட்டால் அங்கேயே நின்று, உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். அழுத்தி மூட முயல வேண்டாம். லாக்கைத் தொட்டதும் மெல்ல மூடி, திரும்பத் திறந்தால், ரப்பர் வளையம் தண்டின் மேல் நகர்ந்து நின்றிருக்கும். வளையத்துக்கும் தண்டின் முனையிலுள்ள சாக்கெட்டுக்கும் நடுவில் இருப்பதுதான் மிச்சப் பயணம். தாளில் 15 மி.மீ. என்று போட்டது காரில் 10-க்குக் குறையாமல் இருக்கிறதா? சரி என்றால் வளையத்தை வெட்டி எடுத்துவிடலாம்.

பிறகு பானட் இடைவெளிகளைப் பாருங்கள். ஸ்ட்ரட் போடும் முன்பே நாலு இடத்தில் அளந்து வைத்திருந்தால் ஒப்பிட வசதி. நம் அமைப்பில் ஸ்ட்ரட் பானட்டை முன்னோக்கித் தள்ளுகிறது. பின்விளிம்பு இடைவெளி கூடியிருந்தால் கீல் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். லாக் சரியாக விழுகிறதா, இரண்டாவது கொக்கி தானாகப் பிடிக்கிறதா என்பதைப் பத்துத் தடவையாவது திறந்து மூடிப் பாருங்கள். பானட்டை உயரத்திலிருந்து விட்டெறிந்து மூடிய பழக்கம் இனி உதவாது. 30 டிகிரிக்குக் கீழே கொண்டுவந்து, முன்விளிம்பின் இரு பக்கமும் உள்ளங்கை வைத்து அழுத்துங்கள், நடுவில் ஒரு கையால் அல்ல.

அதன் பிறகு

நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓட்டியதும் எல்லா போல்ட்டையும் ஒரு முறை முறுக்கிப் பாருங்கள். தண்டுக்கு எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம், அழுக்குதான் ஒட்டும். பெயின்ட் படவிடாதீர்கள், இடுக்கியால் பிடிக்காதீர்கள். தண்டில் விழும் ஒரு கீறல் சீலைக் கிழிக்கப் போதும். அருகில் வெல்டிங் செய்ய நேர்ந்தால் ஸ்ட்ரட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். பழையதைத் துளையிடவோ, அறுக்கவோ, நெருப்பில் போடவோ கூடாது, உள்ளே அழுத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும்.

தாங்கு கம்பியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் கிளிப்பிலேயே இருக்கட்டும். ஸ்ட்ரட் நீண்ட நிலையில் பூட்டிக்கொள்வதில்லை, வாயுவின் தள்ளலில்தான் நிற்கிறது. பலத்த காற்றடிக்கும்போதும், எஞ்சினுக்குள் தலையை விட்டு நெடுநேரம் வேலை பார்க்கும்போதும் கம்பியையும் மாட்டிக்கொள்வது நல்லது.

ஸ்ட்ரட் ஒரே நாளில் செத்துப்போகாது. குளிர்ந்த காலையில் பானட் மெல்ல இறங்குவதுதான் முதல் அறிகுறி, மதியம் வெயிலில் அதே பானட் ஒழுங்காக நிற்கும். அப்போதே இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் பானட் ஒரு பக்கமாக முறுக்கும். முதல் தடவை வரைந்த தாளையும் நீளம், பயண நீளம், நியூட்டன் எண்களையும் காரின் ஆவணங்களோடு வைத்திருந்தால், அடுத்த ஜோடியை வாங்கத் திரும்ப எதையும் அளக்க வேண்டியதில்லை.